கண்டம் செய்த மேசைகள்

அரசு அலுவலகங்களில் ‘கண்டம்’ என்றொரு சொல் புழங்குகிறது. ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து நம்மவர்கள் தமிழாக்கிக்கொண்டது. ஓடாத ஜீப், கால் ஆடும் நாற்காலி, டிராயர் திறக்க மறுக்கும் மேசை எல்லாமே ஒருநாள் ‘கண்டம் பண்ணியாச்சு’ என்ற நிலைக்கு வரும். இருப்புப் பதிவேட்டில் ஒரு கோடு விழும். பொருள் பின்கட்டுக்குப் போகும், இரண்டு மழைக்காலம் நனையும், பிறகு மொத்தமாக ஏலத்துக்கு வரும். காயலான் கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்க்காமலே ஒரு தொகை சொல்லி வண்டியில் ஏற்றிக்கொள்வார். அதோடு கதை முடியும்.

சண்டிகரில் அப்படி முடியவில்லை. அந்நகரின் தலைமைச் செயலகத்திலும் உயர் நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் 1950களிலும் 60களிலும் போடப்பட்ட தேக்கு மேசைகளும் பிரம்பு நாற்காலிகளும் பல ஆண்டுகளாக இப்படித்தான் கண்டமாகி, மொட்டை மாடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் குவிந்து, விறகு விலைக்கு ஏலம் போயின. அவற்றில் ஒரு பகுதி பாரிசுக்கும் நியூயார்க்குக்கும் சென்று, துடைத்து மெருகேற்றப்பட்டு, கூடங்களின் விளக்கொளியில் நின்று, லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகிறது. ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று உலகச் சந்தை அழைக்கும் இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதி மரச்சாமான்களில், இந்தியாவில் பிறந்து இவ்வளவு பேசப்படுவது வேறொன்றில்லை.

இந்தப் பேச்சு நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே சுருதியில் நடக்கிறது: நம் சொத்தை வெளிநாட்டார் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் விஷயம் அதைவிடச் சிக்கலானது. இந்த மேசைகளை உருவாக்கியது யார்? தூக்கி எறிந்தது யார்? இன்று அதே அளவில், அதே மரத்தில் ஒரு தச்சர் செய்து கொடுத்தால் அது போலியா? சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், அள்ளிப்போனவரைவிடப் பதிவேடு எழுதியவர்தான் முதல் குற்றவாளி என்று எனக்குப் படுகிறது.

அடியில் துடைப்பம் போகும் மேசை

‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்ற பெயர் பொருளுக்கு வெகுகாலம் கழித்தே வந்தது. அமெரிக்க எழுத்தாளர் காரா கிரீன்பெர்க் 1984இல் 1950களின் மரச்சாமான்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அப்பெயரைச் சூட்டிய பிறகுதான் கடைக்காரர்கள் வாயில் அது நிலைத்தது. பொருள்களோ அதற்கு முப்பது ஆண்டு மூத்தவை. டென்மார்க்கின் ஹான்ஸ் வேக்னர் 1949இல் வடிவமைத்த வட்ட முதுகு நாற்காலி, 1960இல் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதத்தின் மேடைக்கு வந்து புகழ்பெற்றது. அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சன் 1958இல் வளைந்த எஃகுக் கால்கள்மேல் சிறுசிறு வண்ண அறைகளோடு ஓர் எழுதும் மேசையை வடிவமைத்தார். அதற்கு முந்தைய தலைமுறையின் எழுதும் மேசை ஒரு பெட்டகம்: இரு பக்கமும் தரையைத் தொடும் டிராயர் அடுக்கு, பித்தளைப் பூட்டு, நாலு ஆள் சேர்ந்தாலும் நகராத கனம். புதிய தலைமுறை அந்தப் பெட்டகத்தைத் தரையிலிருந்து தூக்கி மெல்லிய கால்கள்மேல் வைத்தது. வீட்டு வேலை செய்தவர் சொல்லியிருந்தால், அடியில் துடைப்பம் போகும் மேசை என்று அதற்குப் பெயர் வைத்திருப்பார்.

டேனிஷ் மேசைகளின் பெருமையில் பாதி தேக்கின் பெருமை. டென்மார்க்கில் தேக்கு முளைப்பதில்லை. தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போன மரம்தான் வட ஐரோப்பாவின் அடையாளமாக மாறியது. சண்டிகரில் நடந்தது இதற்குத் தலைகீழ். மரம் இங்கேயே இருந்தது. வடிவம்தான் கடல் கடந்து வந்தது. அதுவும் முழுதாக வரவில்லை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாமல் சிம்லாவில் ஒண்டிக்குடித்தனம் நடத்தியது. புதிய நகரத்துக்கு முதலில் திட்டம் போட்ட அமெரிக்கர் ஆல்பர்ட் மேயரின் கூட்டாளி மாத்யூ நொவிக்கி, 1950 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். பி.என். தாப்பர், பி.எல். வர்மா என்ற இரண்டு அதிகாரிகள் ஐரோப்பாவுக்குப் போய் ஆள் தேடினார்கள். கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே ஒப்புக்கொண்டார், ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மாதம் வந்து போவதாக மட்டும். மீதி நாட்கள் நகரம் கட்டப்படும் இடத்திலேயே கிடந்து புழுதி தின்ன ஆள் வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து கட்டடக்கலைஞர்கள் மேக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் வந்து சுமார் மூன்றாண்டு இருந்துவிட்டுப் போனார்கள். கார்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழான்னரே 1951இல் வந்தவர், 1965இல் உடல்நலம் கெட்டபோதுதான் கிளம்பினார். ஜெனீவாவில் 1967இல் இறந்தார். அவர் விரும்பியபடி அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். அந்த ஏரிக்கு மிதிபடகு வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே.

நகரம் எழுந்தது, அலுவலகங்கள் திறந்தன. உட்காரவும் எழுதவும் சாமான் எங்கே? இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை. ஆயிரக்கணக்கில் தேவை, அதுவும் உடனே. ஆகவே கட்டடக்கலை அலுவலகமே வரைபடம் போட்டது. டெண்டர் விட்டு, பட்டறைகளிலும் தச்சர்களிடமும் கொடுத்துச் செய்து வாங்கியது. தேக்கும் ஷீஷமும் மரம், உட்காரும் இடத்துக்குப் பிரம்புப் பின்னல். கோடையில் வறண்டு வெடித்து மழைக்காலத்தில் ஊறிப்போகும் வட இந்தியத் தட்பவெப்பத்துக்கும் கரையானுக்கும் தேக்கு தாங்கும். பிரம்பில் காற்றுப் போகும், பிய்ந்தால் தெருவோரத்தில் உட்கார்ந்தே பின்னித் தரலாம். அழகுக்காக என்று ஆரம்பித்தது இதில் குறைவு. கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியது அதிகம்.

ஒரு மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால்

நாற்காலிதான் உலகப்புகழ் பெற்றது. கவிழ்த்து வைத்த ‘வி’ போன்ற கால்களும் பிரம்பு முதுகும் கொண்ட அந்த ‘சண்டிகர் நாற்காலி’யின் நகல் இன்று சென்னையின் காப்பிக் கடைகளில்கூடக் கிடைக்கிறது. என் ஓட்டு எழுதும் மேசைக்கு. நாற்காலி எந்த வீட்டிலும் நாற்காலியாகவே இருக்கும். மேசை அப்படியில்லை, அது அலுவலகத்தின் உடம்பு. அந்த நகரம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை முழுக்க அதன்மேல்தான் நடந்தது.

வழக்கமான நிர்வாக மேசையைப் பாருங்கள். மேல்பலகைக்கு ஒரு பக்கத்துத் தாங்கல், மேலே குவிந்து கீழே அகலும் தேக்குச் சட்டங்கள், ஒரு காம்பஸ் கருவியை ஊன்றி வைத்ததுபோல. மறுபக்கம் கால் இல்லை. கோப்புகள் அடுக்கத் திறந்த தட்டுகள் கொண்ட ஓர் அலமாரியே காலாக நின்று பலகையைத் தாங்குகிறது. எழுதும் பரப்பில் தோலோ ரெக்சினோ ஒட்டியிருக்கும். டிராயருக்குப் பித்தளைக் கைப்பிடி கிடையாது, பலகையிலேயே விரல் நுழையும் அளவுக்குச் செதுக்கிய பள்ளம்தான். சட்டங்கள் கழுந்தும் துளையுமாகக் கோத்தவை. சட்டத்தின் கனம் தேவைக்கு மேல் என்று இன்றைய வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அதன்மேல் முப்பது ஆண்டு கோப்புகளை வீசியவர்கள் இவர்களில்லை.

நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகள் ஒருகாலத்தில் தரையில் சப்பணமிட்டு, சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டிமேல் எழுதினார்கள். பெட்டியைத் திறந்தால் கணக்கு, மூடினால் மேசை. ஆங்கிலேய ஆட்சி அவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது. சண்டிகர் அந்த நாற்காலிக்காரருக்கும் தரம் பிரித்தது. முதலமைச்சர் முதல் கடைநிலை ஊழியர்வரை சம்பளத்துக்குத் தக்க 13 வகை வீடுகளாகப் பிரித்த நகரம் அது. அலுவலக மேசையும் அப்படியே. பெரிய அதிகாரிக்கு அகன்று வளைந்த பலகை, எழுத்தருக்குச் சிறு பலகை. ஆனால் கால் இருவருக்கும் ஒரே கால், மரமும் ஒன்று, கழுந்தும் ஒன்று. சமத்துவம் என்று அதைக் கொண்டாட மாட்டேன். ஆனாலும் எழுத்தரின் மேசைக்கும் யாரோ உட்கார்ந்து யோசித்து வரைபடம் போட்டிருக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை.

இனி அதைக் கவிழ்த்துப் பார்க்கலாம். அடியிலோ பின்பக்கத்திலோ வெள்ளை அல்லது கறுப்பு வண்ணத்தில், தகட்டு அச்சு வைத்து எழுதிய எழுத்தும் எண்ணும் தெரியும். எந்தத் துறை, எந்தக் கட்டடம், பட்டியலில் எத்தனையாவது என்று குறிக்கும் இருப்பு அடையாளம். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு குறி, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, கட்டடக்கலைக் கல்லூரிக்கு ஒன்று. வடிவமைத்தவர் பெயர் இல்லை. செய்த பட்டறையின் பெயர் இல்லை. செய்த ஆண்டுகூடப் பெரும்பாலும் இல்லை. அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியதெல்லாம் மரமேசை ஒன்று, அது இன்னாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது மட்டும்தான். பதிவேடு அப்படி எழுதியது. அப்படி எழுதிய பொருளை அப்படித்தானே கண்டம் செய்ய முடியும்?

1980, 90களில் கணினி வந்தது, சக்கர நாற்காலி வந்தது, சன்மைக்கா ஒட்டிய தடுப்பு மேசை வந்தது. பழைய மேசையில் கம்பி நுழைய ஓட்டையில்லை. புதியதை வாங்க நிதி ஒதுக்க வேண்டுமென்றால் பழையது கண்டமாகியிருக்க வேண்டும் என்பது எல்லா அலுவலகத்துக்கும் பொதுவான விதி. வெளிநாட்டு வணிகர்கள் வரும் முன்பே எத்தனை மேசைகள் அடுப்பில் எரிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

பிரெஞ்சு எழுத்துகள்

1990களின் இறுதியிலிருந்து பாரிஸ் வணிகர்கள் சண்டிகருக்கு வரத் தொடங்கினார்கள். எரிக் துஷலோம், பாத்ரிக் செகன், பிலிப் ழூஸ், பிரான்சுவா லஃபனூர் ஆகியோர் முக்கியமானவர்கள். அரசு ஏலத்தில் முறையாகக் கேட்டு, பணம் கட்டி, ரசீது வாங்கி எடுத்துப் போனார்கள். காயலான் கடைகளிலும் வாங்கினார்கள். நாங்கள் வாங்கியிராவிட்டால் இவை சாம்பலாகியிருக்கும் என்பது அவர்கள் தரப்பு. அதை மறுப்பது கடினம்.

அவர்கள் செய்த வேலையில் ஒன்று, வாங்கியதைவிடவும் விற்றதைவிடவும் பெரியது. துஷலோம் 2010இல் ஜெரால்ட் மொரோவுடன் சேர்ந்து வெளியிட்ட பெரிய நூல், ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் கொடுத்தது. முதலில் ‘பி.ஜே.’, அதாவது பியர் ழான்னரே. பிறகு ‘எஸ்.ஐ.’ என்றால் இருக்கை, ‘பி.யூ.’ என்றால் பியூரோ, எழுதும் மேசை. அதன்பின் வரிசை எண். உலகின் எந்த ஏலக்கூடமும் இன்று இந்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறது. சண்டிகரின் பதிவேடு எழுத மறந்த பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் விலையையும் எழுதிக்கொண்டார்கள். நகர வரைபடம் பொறித்த சாக்கடை மூடிகூட வெளிநாட்டு ஏலத்தில் லட்சங்களுக்குப் போயிற்று. வார்ப்பிரும்பை எடைக்குப் போட்ட ஊர் வாய்பிளந்து பார்த்தது.

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013இல் எடுத்த ‘ப்ராவனன்ஸ்’ என்ற படம் இந்தப் பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது. முதலில் செல்வந்தர்களின் வீடு, அதற்கு முன் ஏலம், புகைப்படக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல், கடைசியாகச் சண்டிகர். அங்கே மொட்டை மாடியில் உடைந்த நாற்காலிகள் குவியலாகக் கிடக்கின்றன. படத்தில் வர்ணனைக் குரலே கிடையாது. எடுத்து முடித்த பின் அந்தப் படத்தின் ஒரு பிரதியையே லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விட்டு, அந்த ஏலத்தையும் சீகல் படமாக எடுத்தார். பட்டறைக் காட்சி எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மேற்பரப்பை உரசுகிறார்கள், துணியைக் கிழித்துப் புதுத் துணி போடுகிறார்கள். மைக்கறையும் தேநீர்க் கோப்பை வட்டமும் போய்விடும். அடியிலிருக்கும் இருப்பு எண்ணில் மட்டும் கை வைப்பதில்லை, ஏனென்றால் அதுதான் விலை. எழுத்தரின் நாற்பது ஆண்டை இழைத்து எறிந்துவிட்டு, அவர் கண்ணிலேயே பட்டிராத எண்ணைப் பாதுகாக்கிறார்கள்.

நூறு ஆண்டு என்னும் வேலி

சட்டத்தைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் எனப்பட நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு 75 ஆண்டு. 1955இல் செய்த மேசைக்கு 2055வரை அந்தத் தகுதி இல்லை. பண்பாட்டுச் சொத்துக் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் கொண்டுவந்த உடன்படிக்கையின் பட்டியலிலும் மரச்சாமான் என்றால் நூறு ஆண்டுக்கு மேற்பட்டதுதான். ஆக, அரசே ஏலத்தில் விற்ற, நூறாண்டு ஆகாத பொருளைத் திருப்பிக் கேட்க வெளிநாட்டு நீதிமன்றத்தில் பிடி எதுவும் இல்லை. ஏலங்களை நிறுத்தக் கோரி இந்தியத் தூதரகங்கள் எழுதிய கடிதங்கள் பயன்தராததற்கு அலட்சியம் காரணமில்லை, பிடி இல்லாததே காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. அழிநிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் ஈட்டி, ஷீஷம் முதலிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வந்தது. கனமான ஷீஷம் மேசை ஒன்று துறைமுகத்தைத் தாண்ட மரத்தின் பேரில் சான்று காட்ட வேண்டியிருக்கலாம். தேக்குக்கு அதுவும் இல்லை. மேசையைக் காக்கச் சட்டம் இல்லாத இடத்தில் மரத்தைக் காக்கவாவது ஒன்று இருக்கிறது.

மத்திய உள்துறை அமைச்சகம் 2011 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது: சண்டிகரின் மரபுப் பொருள்களை இனி அனுமதியின்றி ஏலம் விடக்கூடாது, கண்டம் செய்யக்கூடாது. அடுத்த ஆண்டு ஒரு குழு அலுவலகம் அலுவலகமாகப் போய் எண்ணியது. கணக்கில் வந்தவை 12,793 உருப்படிகள். முதல் மேசை வந்திறங்கி அறுபது ஆண்டு கழித்து, பதிவேடு முதல்முறையாக அதை மேசை என்பதற்கு மேல் ஏதோ என்று எழுதியது. 2016இல் கார்பூசியேயின் 17 படைப்புகள் ஏழு நாடுகளில் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது சண்டிகரின் கேபிடல் வளாகமும் அதில் இடம்பெற்றது. கட்டடத்துக்கு யுனெஸ்கோ காவல் வந்தது, உள்ளே எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு வரவில்லை.

2011 ஆணையால் வெளிநாட்டு ஏலங்கள் நிற்கவில்லை. அதற்கு முன்பே வெளியேறியது எது, பின்னால் போனது எது என்று பிரித்துச் சொல்லக் கையில் ஆவணம் வேண்டும். பழைய பதிவேடுகளில் அந்தத் தகவல் இல்லை. எல்லா வழியும் சுற்றிச்சுற்றி அந்தப் பதிவேட்டுக்கே வந்து நிற்கிறது.

யாருடைய கை?

1920களின் இறுதியில் பாரிசில் மூவர் சேர்ந்து எஃகுக் குழாய் நாற்காலிகளை வடிவமைத்தார்கள்: லெ கார்பூசியே, பியர் ழான்னரே, ஷார்லோத் பெரியாந். மூவர் வேலையை உலகம் வெகுகாலம் கார்பூசியே ஒருவருடையதாகவே அழைத்தது. விற்பனைப் பெயரிலும் அவர் முதலெழுத்துகள்தான் இருந்தன. பெரியாந்தின் பங்கு தெரியவர அரை நூற்றாண்டு ஆனது. சகோதரரின் நிழலில் கிடந்த ழான்னரேக்குச் சண்டிகர் நாற்காலியால் தாமதமான நியாயம் கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் அவர் பெயர் இப்போது யார்மேல் நிழலாக விழுகிறது?

சண்டிகரின் கட்டடக்கலை அலுவலகத்தில் இந்தியர்கள் பலர் இருந்தார்கள். எம்.என். சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா, பி.பி. மாத்தூர், யூலி சௌதரி என்று பட்டியல் நீளும். சிட்னியில் கட்டடக்கலை படித்துத் திரும்பிய யூலி சௌதரி, இந்தியாவின் முதல் தலைமுறைப் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர். மரச்சாமான் வடிவமைப்பில் ழான்னரேயுடன் நெருங்கி வேலை செய்தவர். சில மாதிரிகள் இன்று அவர் பெயரோடும் குறிக்கப்படுகின்றன, ஆனால் ‘பி.ஜே.’ என்று தொடங்கும் எண்ணில் அவருக்கு இடமில்லை. அவர்களுக்கும் கீழே, வரைபடத்தை வாங்கி மரத்தில் இறக்கிய தச்சர்கள். ஒரே மாதிரியில் இரண்டு மேசையை அருகருகே வைத்தால் கால்களின் சாய்வும் சட்டத்தின் கனமும் ஒன்றுக்கொன்று மாறும். ஒவ்வொரு பட்டறையும் தன் கைக்கேற்பச் செய்திருக்கிறது. அந்தத் தச்சர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் பிறந்தது அதன் விளைவே. வடநாட்டுச் செம்பான லோட்டாவை அவர்கள் அதில் கொண்டாடியது, எந்தத் தனியொருவரும் வடிவமைக்காமல் தலைமுறைகளின் கையில் அது உருண்டு திரண்டது என்பதற்காக. அதே பத்தாண்டில் சண்டிகரின் பட்டறைகளில் உருவானவற்றை லோட்டாவுக்கும் கையெழுத்திட்ட கலைப்படைப்புக்கும் நடுவில்தான் நான் வைப்பேன். ழான்னரே இல்லாமல் அந்தக் கால் இல்லை. பெயர் தெரியாத ஆசாரி இல்லாமல் அந்த மேசை இல்லை. ஏலக்கூடத்துக்கு இது கசப்பு, ஏனென்றால் ஒரு பெயருக்கு விலை உண்டு, நூறு பெயருக்கு இல்லை.

ஆகவே ‘அசல்’ என்ற சொல்லே இங்கே கொஞ்சம் நொண்டுகிறது. விலை ஏறியதும் போலிகள் பெருகின. பழைய தேக்கை வாங்கிப் புதிதாகச் செய்து, தகட்டு அச்சில் எண்ணும் அடித்துப் பழையதென்று விற்பது சுத்த மோசடி. பழகிய ஆள் மேற்பரப்பைப் பார்க்க மாட்டார். டிராயரை உருவி அதன் அடிச்சட்டத்தைத் தடவுவார், முப்பது ஆண்டு இழுத்து மூடிய மரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்க வேண்டும். திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா என்று பார்ப்பார். அடிப்பலகையில் ரம்பத்தின் தடமும் காற்றுப்பட்டுக் கறுத்த நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். எண் எழுதிய வண்ணம் மரத்தின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தால் சந்தேகம்: வெடிப்பு முதலில், எண் பிறகு என்று ஆகிவிடும்.

நேர்மையாக மறுபதிப்புச் செய்வது வேறு. பெங்களூரின் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் பட்டறை சண்டிகர் மாதிரிகளைப் புதிது என்று சொல்லியே செய்து தருகிறது. இத்தாலியின் கசீனா நிறுவனம் 2019இல் ழான்னரேக்கு அஞ்சலியாக ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. பஞ்சாப் அரசு டெண்டரில் செய்த பொருளின் வடிவுரிமை யாருக்கு என்ற கேள்வி சுவாரசியமானது. ஆனால் டெண்டர் தச்சர் செய்தது அசல், இன்றைய தச்சர் அதே கவனத்தோடு செய்தது தாழ்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதியதை வாங்கி அதில் எழுதுகிறவர், பழையதை வாங்கிக் கண்ணாடிக்குப் பின் வைப்பவரைவிட அந்த மேசைக்கு நெருங்கியவர்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. சண்டிகருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு முன்பே புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி எழுந்தது. களத்தில் நின்று கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். சம்பளம் வேண்டாமென்று ஆசிரமவாசியாகவே ஆகி, சுந்தரானந்தா என்ற பெயர் பெற்றவர். விடுதிக்குத் தேக்குச் சாமான்களும் அவர் வடிவமைத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரும் மரக்கலைஞர்களில் ஒருவரானார். சண்டிகரோடு ஒப்பிட இதைவிட நல்ல உதாரணம் இல்லை: கோல்கொண்டேயில் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள், பெருக்கித் துடைக்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள். பொருள் புழங்கும் இடத்தில் கண்டம் என்ற சொல்லுக்கு வேலையில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கு அலமாரிகள் அடுக்கிக் கிடப்பதும், வீட்டில் புழக்கம் நின்ற பிறகுதான்.

சண்டிகரின் 5ஆம் செக்டாரில் ழான்னரே குடியிருந்த 57ஆம் எண் வீடு 2017இல் அருங்காட்சியகமானது. நல்லது. ஆனால் 12,793 உருப்படிகளுக்கும் அருங்காட்சியகம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். தச்சர் ஒருவரை நிரந்தரமாக வேலைக்கு வைத்து, பிரம்பு பிய்ந்தால் பின்னி, டிராயர் சிக்கினால் இழைத்து, அலுவலகத்திலேயே புழங்கவிடலாம். மேசையில் கம்பி நுழைய வேண்டுமென்றால் மேசையைத் துளைக்காமல் அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க இன்றைய கணினி உலகில் ஆளா இல்லை?

மற்றொன்றை இதைப் படிக்கும் அரசு ஊழியர்களிடமும் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டுக் கண்டப் பட்டியல் தயாராகும்போது, கையெழுத்துப் போடும் முன் பின்கட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். மர மேசை கிடந்தால் கவிழ்த்துப் பாருங்கள். எண் இருந்தால் அதையும், செய்தவர் யாரென்று தெரிந்தால் அந்தப் பெயரையும், பக்கத்தில் ஒரு புகைப்படத்தையும் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். ‘மரமேசை – 1’ என்று மட்டும் எழுதாதீர்கள்.